போர்ஷே பாக்ஸ்டர் 986: பேரிங்கை மாற்றுவதா, காத்திருப்பதா, காரையே மாற்றுவதா?

பழைய போர்ஷே பாக்ஸ்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஐ.எம்.எஸ். பேரிங்கில், அதாவது எஞ்சினுக்குள் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்ற தண்டைத் தாங்கும் பேரிங்கில், வந்து நிற்கும். மாற்றியாச்சா, எந்த வகை போட்டீர்கள், எவ்வளவு ஆனது, மாற்றாமல் எப்படித் தைரியமாக ஓட்டுகிறீர்கள் என்று கேள்விகள் வரிசையாக வரும். இதைக் கேட்டுப் பயந்து, கையில் இருக்கும் பணத்தை மொத்தமாக அந்த ஒரு பேரிங்கில் போட்டுவிட்டு, வயதான வாட்டர் பம்ப்போடும் காய்ந்துபோன டயரோடும் ஓட்டுகிறவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், "என் கார் லட்சம் மைல் தாண்டிவிட்டது, எனக்கு ஒன்றும் ஆகாது" என்று காது கொடுக்கவே மறுப்பவர்களும் உண்டு. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. நிதானமாக உட்கார்ந்து யோசித்தால் முடிவெடுக்கக்கூடிய விஷயம்தான் இது. 986 என்ற எண்ணால் அழைக்கப்படும் முதல் தலைமுறை பாக்ஸ்டரை மனதில் வைத்து எழுதுகிறேன். அதே குடும்பத்து எஞ்சின் உள்ள 996 வகை 911-க்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1993 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரி வண்டியாக வந்து கூட்டத்தைக் கட்டிப்போட்ட கார் இது. 1996-இல் விற்பனைக்கு வந்தபோது 2.5 லிட்டர் எஞ்சின், 204 குதிரைத்திறன். 2000 மாடலில் அது 2.7 லிட்டர் ஆனது, கூடவே 3.2 லிட்டர், 252 குதிரைத்திறனோடு பாக்ஸ்டர் எஸ் வந்தது. 2003-இல் சின்ன மாற்றங்களோடு 228, 260 என்று கொஞ்சம் ஏறியது. எடை 1,250 முதல் 1,300 கிலோதான். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், வண்டியின் நடுவில். வளைவில் திருப்பும்போது முன்பக்கம் கையோடு வரும் அந்த உணர்வுக்கு இன்றைக்கும் அந்த விலையில் போட்டி குறைவு. விலை இறங்கிக் கிடப்பதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, நாம் பேசப்போகும் இந்தப் பேரிங்.

அது எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். எம்96 என்ற இந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டுக்குக் கீழே இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒன்று ஓடுகிறது. கிராங்க் ஒரு செயின் மூலம் அதைச் சுற்றுகிறது. அது இரண்டு பக்கமும் செயின்கள் வழியாக, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளைச் சுற்றுகிறது. வால்வு திறந்து மூடும் நேரம் முழுக்க இந்த ஷாஃப்ட் நேராக நிற்பதை நம்பித்தான் இருக்கிறது. அதன் ஒரு முனை ஆயில் பம்ப் பக்கம், அழுத்தத்தில் வரும் ஆயிலில் மிதக்கிறது. அங்கே தொல்லை இல்லை. மறுமுனை ஃப்ளைவீல் பக்கம். அங்கே கிரீஸ் அடைத்து, இருபுறமும் சீல் போட்ட பால் பேரிங் ஒன்று. சூடான ஆயில் தெறிக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பேரிங்கின் சீல்கள் வருடக்கணக்கில் இறுகித் தளர்கின்றன. ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்துவிடுகிறது. ஆனால் உள்ளே போன ஆயில் புதுப்பிக்கப்படுவதில்லை. பழைய ஆயிலும் ஈரமும் அங்கேயே தங்கி, பால்ரஸ் குண்டுகளின் மேற்பரப்பு செதில் செதிலாக உரியத் தொடங்குகிறது. முற்றினால் பேரிங் சிதைந்து ஷாஃப்ட் ஆடும், செயின் பல் தாண்டும், வால்வும் பிஸ்டனும் மோதும். அதோடு எஞ்சின் முடிந்தது.

அதே காலத்து 911 டர்போ, ஜிடி3 கார்களில் இந்தக் கவலை கிடையாது. அவற்றின் எஞ்சின், போர்ஷேயின் எஞ்சின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயரால் அழைக்கப்படும் பழைய பரம்பரை. அதிலும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் உண்டு, ஆனால் இரண்டு முனையும் அழுத்த ஆயிலில் ஓடுகின்றன. சீல் போட்ட பால் பேரிங்கே வேண்டாம் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. பின்னால் வரும் மூன்றாவது வழியை மதிப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

எத்தனை கார்களில் இது உடைந்தது? அமெரிக்காவில் உரிமையாளர்கள் சேர்ந்து தொடுத்து, 2013-இல் சமரசத்தில் முடிந்த வழக்கின்போது வெளிவந்த கணக்குதான் எல்லோரும் சொல்வது. ஒற்றை வரிசைக் குண்டுகள் உள்ள பேரிங்கில் ஏறத்தாழ 8 சதவீதம். இரட்டை வரிசையில் 1 சதவீதத்துக்கும் கீழ். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் முடிவில் பாதி இருக்கிறது. "பாக்ஸ்டர் எஞ்சின் வெடிக்கும்" என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை.

ஆகவே முதல் வேலை, உங்கள் காரில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. 1997 முதல் 1999 வரையான மாடல்களில் இரட்டை வரிசை. 2002 முதல் 2004 வரையானவற்றில் ஒற்றை வரிசை. நடுவில் 2000, 2001 மாடல்களில் இரண்டும் கலந்து வந்திருக்கின்றன. எஞ்சின் எண்ணை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், ஆனால் கியர்பாக்ஸை இறக்கி ஃப்ளைவீலைக் கழற்றி, பேரிங்கை மூடியிருக்கும் தகட்டைப் பார்த்தால்தான் உறுதி. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கார்கள் பலவற்றில் வாரன்ட்டி காலத்திலேயே எஞ்சின் மாற்றப்பட்டிருக்கிறது. கார் 1998 மாடலாக இருக்கும், உள்ளே இருப்பது பின்னாளில் செய்த எஞ்சினாக இருக்கும். எஞ்சின் எண்ணும் காரின் வருடமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் "என்னுடையது இரட்டை வரிசை" என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, மாற்றாமல் கண்காணிப்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் இது உண்மையான ஒரு வழிதான். தொழிற்சாலை சொன்ன ஆயில் மாற்றும் இடைவெளி 15,000 மைல், அதற்கு மேலும் கூட. அதை மறந்துவிடுங்கள். 5,000 மைல் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். எட்டு லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கும் எஞ்சின். செலவுதான், ஆனால் வேறு எந்தச் செலவும் இவ்வளவு பலன் தராது. ஒவ்வொரு முறையும் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதன் காகித மடிப்புகளை வெட்டி எடுத்து, விரித்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தால் அவை செயினைத் தாங்கும் சட்டங்களிலிருந்து வருபவை; பழைய எஞ்சினில் கொஞ்சம் இருப்பது சகஜம். பளபளக்கும் உலோகத் துகள் தெரிந்தால், காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் அது இரும்பு. காரை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

காந்தம் வைத்த டிரெயின் போல்ட் ஒன்றைப் போட்டுவிட்டால் ஆயில் மாற்றும்போதெல்லாம் இந்தச் சோதனை தானாக நடக்கும். விலையும் அற்பம். ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கும் பழக்கமும் நல்லதுதான். ஆனால் அந்தப் பரிசோதனை மிக நுண்ணிய தேய்மானத்தைத்தான் காட்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு செதில் அதில் அகப்படாமல் போகலாம். அதனால் ஆய்வக அறிக்கை சுத்தமாக வந்தது என்று ஃபில்டரை விரித்துப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. இந்த வழியின் பலவீனம் என்னவென்றால், சில பேரிங்குகள் நீண்ட எச்சரிக்கை கொடுக்காமலே உடைகின்றன. இரண்டு ஆயில் மாற்றத்துக்கு நடுவில் கதை முடிந்துவிடலாம்.

இரண்டாவது வழி, பேரிங்கை எடுத்துவிட்டு மேம்பட்ட பேரிங் போடுவது. அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது செராமிக் கலப்பு வகை. வளையங்கள் எஃகு, குண்டுகள் சிலிகான் நைட்ரைடு. செராமிக் குண்டு எஃகைவிடக் கடினம், எடை குறைவு, ஆயில் குறைந்த நிலையிலும் தாக்குப்பிடிக்கும். முக்கியமாக, எஞ்சின் பக்கம் சீல் கிடையாது. தெறிக்கும் ஆயில் உள்ளே போய் வெளியே வரும். மூல வடிவத்தின் அடிப்படைத் தவறு அங்கேயே சரியாகிவிடுகிறது. அமெரிக்காவின் எல்.என். இன்ஜினியரிங் இந்த வகையைப் பரவலாக்கியது. ஒற்றை வரிசை எஞ்சின்களுக்கு, அதே குறுகிய இடத்துக்குள் இரண்டு வரிசைக் குண்டுகளை அடக்கிய வடிவமும் அவர்களிடம் கிடைக்கிறது. ஒற்றை வரிசைக் கார் வைத்திருப்பவர் செராமிக் என்று முடிவுசெய்தால் அந்த வடிவத்தையே போடட்டும். பழைய ஒற்றை வரிசை வடிவத்தையே செராமிக்கில் போடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை.

செராமிக் என்றதும் "இனி ஆயுள் முழுக்கத் தொட வேண்டாம்" என்று நினைத்துவிடக் கூடாது. தயாரிப்பாளர்களே அதற்கு ஒரு மைல் கணக்கு கொடுத்து, அதன் பிறகு மாற்றச் சொல்கிறார்கள். இரண்டு கிளட்ச்சுக்கு ஒருமுறை என்று நினைவில் வைத்துக்கொண்டால் நடைமுறைக்குச் சரியாக வரும்.

குண்டுக்குப் பதிலாக உருளை வைத்த பேரிங் கிட்களும் சந்தையில் உண்டு, விலையும் குறைவு. நேரான பாரத்தைத் தாங்குவதில் உருளை குண்டைவிட வலு. ஆனால் ஷாஃப்ட் நீளவாக்கில் முன்னும் பின்னும் தள்ளும் விசையைத் தாங்குவதில் சாதாரண உருளைகள் குண்டு அளவுக்குக் கெட்டி இல்லை. இந்த ஷாஃப்ட்டை நீளவாக்கில் பிடித்து நிறுத்துவதும் இதே பேரிங்தான் என்பதால் நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கியர்பாக்ஸை இறக்க இவ்வளவு செலவு செய்துவிட்டு, பாகத்தில் மிச்சம் பிடிப்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, பால் பேரிங்கையே ஒழித்துவிட்டு, அழுத்த ஆயிலில் ஓடும் புஷ் வகைக்கு, அதாவது குண்டே இல்லாத வழவழப்பான வளையத்துக்கு, மாறுவது. ஆயில் ஃபில்டர் இருக்கும் இடத்தில் ஒரு அடாப்டர் வைத்து, வடிகட்டிய ஆயிலைக் குழாய் மூலம் ஷாஃப்ட் முனைக்குக் கொண்டுபோகிறார்கள். டர்போ, ஜிடி3 எஞ்சின்களில் பார்த்த அதே தத்துவம். தேய்ந்து போகும் குண்டோ சீலோ எதுவும் இல்லை என்பதால் இதை நிரந்தரத் தீர்வாகவே விற்கிறார்கள். தத்துவமாகப் பார்த்தால் மூன்றிலும் இதுதான் சிறந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனை. பாகத்தின் விலை செராமிக்கைவிடக் கணிசமாக அதிகம். அடுத்து, எஞ்சின் உள்ளே சுத்தமாக இருக்க வேண்டும். புஷ் பேரிங்குக்குத் துகள் கலந்த ஆயில் விஷம். பழைய பேரிங் ஏற்கெனவே உதிரத் தொடங்கியிருந்தால், இதைப் போட்டுப் பயனில்லை.

இந்தக் கடைசி விஷயம் இரண்டாவது வழிக்கும் பொருந்தும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பேரிங் மாற்றுவது வருமுன் காக்கும் வேலை. வந்த பிறகு காக்க அதனால் முடியாது. நல்ல மெக்கானிக் கியர்பாக்ஸில் கை வைப்பதற்கு முன்னால் ஃபில்டரையும் ஆயில் பேனையும் திறந்து பார்ப்பார். கம்ப்யூட்டரை இணைத்துக் கேம் ஷாஃப்ட் விலகல் அளவுகளைப் படிப்பார். அந்த எண்கள் எல்லை தாண்டியிருந்தாலோ, அலைந்துகொண்டிருந்தாலோ, தொல்லை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். துகள் கண்டால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்வார். "பரவாயில்லை, புதுசு போட்டுடலாம்" என்று சொல்கிறவரிடமிருந்து சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வேலையும் எளிதல்ல. கிராங்க்கைப் பூட்டி, செயின் டென்ஷனர்களைத் தளர்த்தி, பிரத்யேக புல்லர் வைத்துப் பேரிங்கை இழுக்க வேண்டும். நடுவில் கேம் நகர்ந்துவிட்டால் டைமிங் போய்விடும். இந்த எஞ்சினில் முன்பே பலமுறை செய்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்; முதல்முறை பழகுவதற்கு உங்கள் கார் வேண்டாம்.

செலவில் பெரும்பகுதி பாகத்துக்கு இல்லை, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிக்குப் போகிறது. இதை வைத்துத்தான் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். மேனுவல் காரில் கிளட்ச் தேய்ந்து மாற்றும் நாள் எப்படியும் வரும். அன்றைக்குக் கியர்பாக்ஸ் கீழேதான் இருக்கும். அப்போது பேரிங்கை மாற்றினால் கூடுதல் செலவு பாகமும் சில மணி நேர வேலையும் மட்டுமே. கிராங்க்கின் பின் ஆயில் சீல் கசிவது இந்த எஞ்சினின் இன்னொரு பழைய வியாதி. அதற்கும் அதே இடம், அதே நாள். ஆக, கிளட்ச்சும் பேரிங்கும் பின் சீலும் ஒரே பில்லில் வரட்டும். இரட்டை நிறை ஃப்ளைவீலையும் அப்போதே சோதித்துவிடுங்கள். அதை எடுத்துவிட்டு இலகுவான ஒற்றை நிறை ஃப்ளைவீல் போட்டால் எஞ்சின் சட்டென்று வேகம் எடுக்கும் என்ற ஆசை பலருக்கு வரும். அந்தக் கனமான ஃப்ளைவீல் கிராங்க்கின் அதிர்வை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பந்தயத்துக்குப் போகாத காரில் அதைக் கழற்றாதீர்கள்.

டிப்ட்ரானிக் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. கிளட்ச் தேயாது, கியர்பாக்ஸை இறக்க வேறு காரணமும் சீக்கிரம் வராது. அவர்கள் பேரிங்குக்காகவே முழுக் கூலியும் கொடுக்க வேண்டும். அதனால் ஆட்டோமேட்டிக் காரில் பெரும்பாலும் பழைய பேரிங்தான் இருக்கும். வாங்குகிறவர்கள் இதை விலையில் பேசிக் குறைக்கலாம்.

நான்காவது வழி காரையே மாற்றுவது. 2005-இல் வந்த 987 வகைக்குப் போனால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் வருடக் கார்களில் பழைய ஒற்றை வரிசையும் இருக்கலாம். 2006 முதல் 2008 வரையானவற்றில் பெரிய பேரிங் வைத்தார்கள். அது உடைவது மிக அரிது. ஆனால் எஞ்சினை இரண்டாகப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. அதில் செய்யக்கூடியதெல்லாம், கிளட்ச் மாற்றும்போது வெளிப்பக்கச் சீலை மட்டும் நீக்கிவிட்டு, எஞ்சின் ஆயில் உள்ளே போய்வர வழி விடுவது. 2009 மாடலில் எஞ்சினையே புதிதாக வடிவமைத்தார்கள். அதில் இன்டர்மீடியட் ஷாஃப்ட்டே இல்லை. சாதாரண பாக்ஸ்டருக்கு 2.9 லிட்டர், 255 குதிரைத்திறன். எஸ் வகைக்கு 3.4 லிட்டர், 310. பழைய எஸ்ஸின் வேகம் புதிய சாதாரண காரிலேயே கிடைக்கிறது. கவலையே வேண்டாம், கூடுதல் பணம் இருக்கிறது என்றால் 2009-க்குப் போங்கள். பாதி வழியில் 2005-இல் நின்றுவிடாதீர்கள்.

இத்தனையும் வைத்து என் முடிவைச் சொல்கிறேன். இரட்டை வரிசை என்று உறுதியாகத் தெரிந்த கார், கிளட்ச் நன்றாக இருக்கிறது என்றால், தொடாதீர்கள். ஆயிலை அடிக்கடி மாற்றி, ஃபில்டரை விரித்துப் பார்த்து ஓட்டுங்கள். கிளட்ச் போகும்போது செராமிக் போடுங்கள். ஒற்றை வரிசை, மேனுவல், கிளட்ச் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். கிளட்ச்சை முன்கூட்டியே மாற்றி இரண்டையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். ஒற்றை வரிசை, ஆட்டோமேட்டிக், பத்து வருடம் வைத்துக்கொள்ளும் எண்ணம் என்றால் மூன்றாவது வழிக்குப் பணம் கொடுப்பது நியாயம். ஏனென்றால் அந்தக் கூலியை இன்னொரு முறை கொடுக்க உங்களுக்கு மனசு வராது. அதே காரை இரண்டு வருடத்தில் விற்கப்போகிறீர்கள் என்றால் கண்காணிப்பு போதும். நூற்றில் எட்டு என்ற ஆபத்தைத் தெரிந்தே ஏற்கிறீர்கள், அவ்வளவுதான். காரின் இன்றைய விலையையே பேரிங் வேலைக்குக் கேட்கிறார்கள் என்ற நிலை வந்தால், அந்தக் கார் உங்களுக்குத் தேவையா என்று முதலில் யோசியுங்கள்.

அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: குறைவாக ஓடிய கார் பாதுகாப்பானதா? நான் நேர்மாறாகத்தான் நினைக்கிறேன். கனடா மாதிரியான குளிர் நாட்டில் ஆறு மாதம் நிறுத்தி வைத்து, கோடையில் ஞாயிற்றுக்கிழமை பத்து மைல் மட்டும் ஓட்டும் காரில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை; உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போவதும் இல்லை. வாரத்துக்கு நாலு நாள் நெடுஞ்சாலையில் ஓடி, ஒழுங்காக ஆயில் மாற்றிய லட்சம் மைல் கார் என் கண்ணுக்கு அதைவிட நல்லது. குறைந்த மைலுக்கு அதிக விலை கொடுப்பதற்கு முன் ஆயில் மாற்றிய தேதிகளைக் கேளுங்கள். மைல்களைவிட மாதங்களைப் பாருங்கள்.

பேரிங் பேச்சில் எல்லோரும் மறந்துவிடுவது குளிரூட்டும் அமைப்பை. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர்கள் முன்னால் பம்பரின் இரண்டு ஓரத்திலும். அந்தத் திறப்புகளில் இலையும் குப்பையும் நுழைந்து, ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மெத்தை மாதிரி படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம்தான் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை முன் பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்வது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. கருவி கொஞ்சம், பொறுமை கொஞ்சம். வாட்டர் பம்ப்பின் இறக்கை பிளாஸ்டிக். வயதானால் உடைந்து துண்டுகள் எஞ்சினின் நீர் வழிகளில் போய் அடைக்கும். அதற்காக இரும்பு இறக்கை போட்டவர்கள் உண்டு. ஆனால் பம்ப்பின் பேரிங் ஆடினால் அந்த உலோகம் எஞ்சின் உடம்பையே அரிக்கும். பிளாஸ்டிக் பம்ப்பையே வாங்கி, நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை, கெடும் முன்பே மாற்றிவிடுவது என் கட்சி. அதோடு முன்னதாகவே, 71 டிகிரியில், திறக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றையும் போட்டுவிடலாம். பின் டிக்கியில் தரைவிரிப்பு ஈரமாக இருந்தால் கூலன்ட் தொட்டி விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். இந்தக் காரில் அது அடிக்கடி நடக்கும்.

காரைக் கிளப்பும்போது பின்னால் வெள்ளைப் புகை மேகமாகக் கிளம்பினால் பலர் எஞ்சின் போச்சு என்று பதறுகிறார்கள். பெரும்பாலும் அது ஏர் ஆயில் செபரேட்டர் என்ற பாகத்தின் சவ்வு கிழிந்ததுதான். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளிருந்து யாரோ இழுத்துப் பிடிப்பது போல மூடி வர மறுத்தால் சந்தேகம் உறுதி. சீக்கிரம் மாற்றுங்கள், ஆயிலைக் குடித்துக்கொண்டே ஓட்ட வேண்டாம். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் வெளியேறும் துளைகளையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, இருக்கைக்கு அடியில் இருக்கும் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) பெட்டியை நனைக்கும். பிறகு சாவியைத் திருப்பினால் கார் அசையாது. சில நிமிட வேலையை விட்டதற்குப் பெரிய தண்டனை.

இனி, காரை மேம்படுத்துவது. இங்கேயும் இரண்டு கட்சி: எஞ்சினில் பணம் போடுகிறவர்கள், சக்கரத்துப் பக்கம் போடுகிறவர்கள். எஞ்சின் பக்கம் சொல்வதற்கு அதிகம் இல்லை. டர்போ இல்லாத எஞ்சின். காற்று இழுக்கும் பாகமும் சைலன்ஸரும் மாற்றினால் சத்தம் இனிமையாகும், திறன் உணரும்படி ஏறாது. சாப்ட்வேர் மாற்றினாலும் அப்படித்தான். உண்மையான திறன் வேண்டும் என்றால் 996-இன் 3.4 லிட்டர் எஞ்சினை இறக்கலாம். அது பொருந்தும், செய்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்தச் செலவுக்கு ஒரு நல்ல பாக்ஸ்டர் எஸ்ஸை வாங்கிவிடலாம் என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சக்கரத்துப் பக்கம் வாருங்கள், கதையே வேறு. இருபது வருடம் ஓடிய ஷாக் அப்சார்பரோடு இந்தக் காரை ஓட்டியவர்களுக்கு அது உண்மையில் எப்படி ஓடும் என்றே தெரியாது. தொழிற்சாலைத் தரத்துக்கு இணையான புது ஷாக்குகள், கீழ்க் கை புஷ்கள், ஸ்டெபிலைசர் லிங்குகள் போட்டு, வீல் அலைன்மென்ட்டைப் போர்ஷே தெரிந்தவரிடம் செய்தால் கார் புதிதாகப் பிறந்துவிடும். தாழ்த்தும் ஸ்பிரிங் ஆசை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். நல்ல ஷாக் இல்லாமல் ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கினால் மேடு பள்ளத்தில் கார் தட்டும், பிடிமானமும் போகும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வயதான டயர் இந்தக் காருக்கு வேண்டாம். ஈர ரோட்டில் பின்பக்கம் நழுவினால் நடு எஞ்சின் கார் சட்டென்று சுற்றிவிடும். பின் டயர்களின் உள் ஓரத்தை, காரைத் தூக்கி வைத்துத் தனியாகப் பாருங்கள். வெளிப்பக்கம் நன்றாக இருக்கும்போதே அங்கே தேய்ந்து முடிந்திருக்கும்.

பிரேக்கில் பெரிதாக மாற்ற ஒன்றும் இல்லை. சாதாரண பாக்ஸ்டரிலேயே நாலு சக்கரத்துக்கும் நாலு பிஸ்டன் காலிப்பர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள், போதும்.

கையில் நாலாயிரம் டாலர் இருக்கிறது, 2002 மேனுவல் கார், கிளட்ச் பாதி, சர்வீஸ் வரலாறு அரைகுறை என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஆயில், ஃபில்டர், உலோகச் சோதனை. சுத்தம் என்று தெரிந்தால் கிளட்ச்சும் செராமிக் பேரிங்கும் பின் சீலும் ஒரே தடவையில். அப்புறம் வாட்டர் பம்ப்பும் ரேடியேட்டர் சுத்தமும். மிச்சத்துக்கு டயர். ஷாக் அடுத்த வருடம். அதே பணம், அதே நிலை, ஆனால் 1999 இரட்டை வரிசைக் கார் என்றால் பேரிங் பட்டியலிலேயே இருக்காது. வாட்டர் பம்ப், டயர், ஷாக், அலைன்மென்ட் என்று முழுப் பணமும் ஓட்டும் சுகத்துக்கே போகும். மூன்று வருட வித்தியாசத்தில் பட்டியல் இப்படி மாறுவதால்தான், எஞ்சின் எண்ணைப் பார்க்காமல் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது என்கிறேன்.

வேலை முடிந்ததும் பில்லில் நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள்: போட்ட பேரிங்கின் வகை, அதன் சீரியல் எண், தேதி, அன்றைய மைல். "ஐ.எம்.எஸ். செய்யப்பட்டது" என்று வெறுமனே எழுதிய ரசீதை விவரம் தெரிந்த யாரும் மதிக்க மாட்டார்கள். செராமிக்குக்கு மறுமுறை மாற்றும் கணக்கு இருப்பதால், எந்த மைலில் போட்டது என்று தெரியாவிட்டால் போடாதது மாதிரிதான். கழற்றிய பழைய பேரிங்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். வழவழவென்று ஓடினால் சரியான நேரத்தில் மாற்றியிருக்கிறீர்கள். கரகரவென்று தடுக்கினாலோ, ஆட்டம் தெரிந்தாலோ, அடுத்த ஆயில் மாற்றத்தை ஐயாயிரம் மைல் வரை தள்ளாமல் சில நூறு மைலிலேயே செய்து, அந்த ஃபில்டரையும் விரித்துப் பாருங்கள்.